தாத்தாவின் துப்பாக்கியும் ஒரு குட்டி நிப்பிளும்

மரக்காணத்தில் உப்பளங்களைத் தாண்டி மேற்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் உப்புக் காற்று கொஞ்சம் குறையும், மல்லாட்டைக் கொல்லைகள் ஆரம்பிக்கும். மல்லாட்டை என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலை. அங்கே ஒன்றேகால் ஏக்கர் வைத்திருக்கும் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவரிடம், கொல்லையைவிட வயதான ஒரு துப்பாக்கி இருக்கிறது. அவருடைய நைனா காலத்துத் துப்பாக்கி. வாய் வழியாக மருந்து போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, கேப் வைத்துச் சுடுகிற ஒற்றைக் குழல். நரிக்குறவர்கள் தோளில் நீங்கள் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே ஜாதிதான்.

பெரியவருடையதற்கு உரிமம் உண்டு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அவர் அதில் ரவை போடுவதில்லை. காட்டுப் பன்றியைச் சுட அவருக்கு அதிகாரம் கிடையாது, சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். கொஞ்சம் மருந்து, மேலே ஒரு உருண்டை தேங்காய் நார், வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. பன்றி ஓடிவிடும். காய் பிடிக்கிற ரெண்டு மாசம் மட்டும்தான் இந்தக் கூத்து.

2024-ல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த நடைமுறை. மார்ச்சில் கொடுத்த துப்பாக்கி ஜூனில் திரும்பி வந்தது. அதை வாங்கி வந்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அவ்வளவுதான். வருஷா வருஷம் அப்படித்தான் செய்வார்.

ஆவணியில் ஒரு ராத்திரி பன்றிக் கூட்டம் வந்தது. பெரியவர் துப்பாக்கியை எடுத்தார். டார்ச் பிடித்தவள் பேத்தி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கிறாள். விசையை இழுத்தார். 'டிக்' என்று கேப் வெடித்த சத்தம் மட்டும் கேட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

"இன்னாடா இது..." என்று முணுமுணுத்துக்கொண்டே குழலைத் தாழ்த்தி, பேத்தி பக்கம் பாதி திரும்பினார். அப்போது வெடித்தது.

ரவை இல்லை. ஆனாலும் எரிகிற நார் உருண்டை அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் ஆட்டுக் கொட்டகைக் கூரையில் விழுந்தது. ஒரு குடம் தண்ணீரில் அணைத்துவிட்டார்கள். அவளுக்கு ரெண்டு நாள் காதுக்குள் ரீங்காரம். பெரியவருக்கு அதற்கும் மேல். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஆயா தீர்ப்பு சொல்லிவிட்டார். "அதக் கொண்டும்போய் ஸ்டேஷன்லயே குடுத்துட்டு வந்துடு. பன்னி தின்னா தின்னுட்டுப் போவுது."

பெரியவர் பதில் பேசவில்லை. பேத்திதான் பேசினாள். "குடுக்கறதுன்னா குடுத்துடலாம் ஆயா. ஆனா ஏன் அப்டி ஆச்சுன்னு பாத்துட்டுக் குடுக்கலாமே."

குழலில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவள் பார்க்கவே ஆரம்பித்தாள். சந்தேகம் முதலில் மருந்து மேல், அடுத்து கேப் மேல். கடைசியில்தான் அந்தச் சின்னச் சாமானிடம் வந்து நின்றாள். குழலின் அடிப்பக்கத்தில் திருகி வைத்த, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளியே தெரியும் கூம்பு. அதன் பெயர் நிப்பிள். கேப்பை அதன் தலையில் தொப்பி மாதிரி மாட்ட வேண்டும். குதிரை வந்து அடித்தால் கேப்புக்குள் இருக்கும் ரசாயனம் பொறியும். அந்தப் பொறி நிப்பிளுக்கு நடுவில் இருக்கும் ஊசித் துளை வழியாக இறங்கி, குழலுக்குள் இருக்கும் மருந்தைத் தொட வேண்டும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடக்க வேண்டும். துளை அடைத்திருந்தால் பொறி தயங்கும், கங்கு மாதிரி உள்ளே கனன்று கொஞ்ச நேரம் கழித்து மருந்தைத் தொடும். முந்தின ராத்திரி நடந்தது அதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான பாதிரியார் இருக்கிறார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் போதகர் அலெக்சாண்டர் ஃபோர்சைத். நீர்ப்பறவை வேட்டையில் பைத்தியம். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உரசி, வெளியே இருக்கும் கிண்ணத்து மருந்து முதலில் பற்றும், பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த முதல் வெளிச்சத்தைப் பார்த்ததுமே பறவை தப்பித்துவிடும். வெறுத்துப்போன போதகர், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தை வைத்து ஒரு வழி கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். செப்புத் தொப்பிக் கேப்பும் நிப்பிளும் அதன் அடுத்த கட்டமாக வந்தவை. 1857 கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிப் பள்ளியில் படித்தோமே, அந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழி மருந்து கெட்டிப்பதுதான். அதன் பக்கத்திலும் இதே நிப்பிள்தான்.

மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே கழுவெளி ஏரி இருக்கிறது. பூநாரைகள் வந்து இறங்கும் இடம். 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவை தப்பிக்கக் கூடாது என்று பிறந்த ஒரு சாமான், இங்கே பறவையைத் தொடாமல் பன்றியை மட்டும் விரட்ட வேண்டியிருக்கிறது. பாதிரியார் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பேத்தி போனில் தேடினாள். நிப்பிள் என்று அடித்ததும் பால்புட்டிகளாக வந்து விழுந்தன. பிறகு சைக்கிள் கம்பிக்கானது, பிறகு கிரீஸ் அடிப்பது. ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு மொதல்ல அத வாங்கு" என்றார். மூன்று நாளில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

வீட்டிலேயே கழற்றி மாற்றிவிடலாம் என்றுதான் பெரியவர் நினைத்தார். பேத்தி தடுத்துவிட்டாள். துப்பாக்கி பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு. உரிமப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு, தாத்தாவும் பேத்தியும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். உரிமம் பெற்ற பழைய துப்பாக்கிக் கடை. முதலாளிக்குப் பெரியவர் வயதுதான் இருக்கும்.

அவர் சாவி போட்டு நிப்பிளைக் கழற்றி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

"ஊசியால குத்தினீங்களா?"

"அடச்சுகினா குத்துவன். அப்பறம் ஒரு வாட்டி கம்பியச் சூடாக்கி..."

"அதான்."

பொறி நன்றாக இறங்கட்டும் என்று பெரியவர் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார். துளை பெரிதானால் நெருப்பு அதிகம் போகும் என்று யாருக்கும் தோன்றும். உண்மை தலைகீழ். கேப்பில் இருக்கிற ரசாயனம் கடுகளவு. அகலமான துளையில் அதன் வேகம் செத்துவிடும். அதைவிட மோசமான இன்னொன்று, குழலில் மருந்து வெடிக்கும்போது அந்த அழுத்தம் அதே துளை வழியாகப் பின்னால் பாயும். குதிரையைத் தூக்கி அடிக்கும். கேப் துண்டு துண்டாகச் சிதறி முகத்துக்கு வரும். நல்ல நிப்பிளில் துளை மேலே அகலமாக இருந்து, அடியில் முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக ஒடுங்கும். தேய்ந்து துளை அகலமானதை மாற்றத்தான் வேண்டும், சரி செய்ய முடியாது. 'கொஞ்ச நாளா வெடிக்கறப்ப குதிரை பின்னால எழும்புதா?' என்று முதலாளி கேட்டதற்குப் பெரியவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பேத்திக்கு வயிற்றைக் கலக்கியது. அது இத்தனை நாளாக அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

முதலாளி ஒரு தகர டப்பாவைக் கொட்டினார். முப்பது நாற்பது நிப்பிள்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தன. பெரியவர் பளபளப்பாக இருந்த ஒன்றை எடுத்தார். பேத்தி பையிலிருந்து வெர்னியர் எடுத்தாள். முதலாளி முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது.

முதலில் மரை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளில் கால் அங்குல மரை உண்டு, 6 மில்லிமீட்டர் மரையும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் ஆபத்து. பெரிய மரைத் துளையில் சின்னது லூசாக உள்ளே போய்விடும், நாமும் இறுகிவிட்டது என்று நினைப்போம். ஒருநாள் மரை பிடி விட்டு, நிப்பிளே குண்டாகி வெளியே வரும். அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதும் ஒத்துப்போக வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் செய்த பழைய துப்பாக்கிகளுக்கு இதில் எந்த நிச்சயமும் கிடையாது, அளந்து பார்த்தே ஆக வேண்டும். விரலால் திருகும்போதே சுகமாகப் போக வேண்டும், கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான் சாவி. முழுக்க இறங்கி அடி உட்காரவும் வேண்டும். பேத்தி அளந்து ஒதுக்கியதில் டப்பாவில் ஏழு மிஞ்சியது.

அடுத்தது தலை. கேப்புகளில் 10, 11 என்று நம்பர் உண்டு. பெரியவர் வாங்குகிற கேப்பை வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் கேப் லொடலொடத்தது. அப்படி இருந்தால் கேப்பை விரலால் நசுக்கி மாட்டுவது பெரியவர் வழக்கம், பலர் வழக்கமும் அதுதான். இரண்டில் கேப் முழுசாக இறங்கவில்லை. அப்படிப்பட்டதில் குதிரையின் முதல் அடி கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே வீணாகிவிடும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். "ரெண்டாவது வாட்டி வெடிக்குதுன்னு யாராவது சொன்னா கேப்பத் திட்டாதீங்க" என்றார் முதலாளி.

மீதி இரண்டு. ஒன்று சாதாரண எஃகு, இன்னொன்று துருப்பிடிக்காத எஃகு. கடலோரம் என்றதும் முதலாளி இரண்டாவதைத் தள்ளிவைத்தார். "துருப்புடிக்காதுன்னு பேருதான், உங்க ஊரு காத்துக்கு இதுவும் கொஞ்சம் தின்னும். ஆனா லேட்டா தின்னும்." மரையில் மெலிதாகக் கிரீஸ் தடவித் திருகினார். இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்ற வராதாம். ரசீது போட்டார். துளை பெரிதான பழையதை வாங்கித் தன் குப்பை டப்பாவில் போட்டுக்கொண்டார். பெரியவர் அதைக் கேட்டும் கொடுக்கவில்லை.

துப்பாக்கிக் கடையில் தெரியாத ஒரு விஷயம் வீட்டில்தான் தெளிந்தது. துளை ஏன் அடைத்துக்கொண்டே இருந்தது? பேத்தி படித்துச் சொன்னாள். கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம். எரிந்தபின் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது, திடப் பொருளாகவே மிஞ்சும், அதில் ஒரு பகுதி கசடாகத் தங்கும். அந்தக் கசடு பெரும்பாலும் உப்பு வகைகள், காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. பழைய வகைக் கேப்பில் இருக்கும் ரசாயனம் எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.

முப்பது வருஷம் உப்பளத்தில் வாரிய ஆயா அதுவரை கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். "நீ எதுல தொடைக்கற?" என்று பெரியவரைக் கேட்டார்.

"மண்ணெண்ணெயில."

"உப்பு மண்ணெண்ணெயில கரையுமா?"

அதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை. இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்று நாற்பது வருஷமாகத் தண்ணீரே காட்டாமல் வைத்திருந்தார். எண்ணெயின் கீழே உப்பு பத்திரமாக உட்கார்ந்து குழலைத் தின்றுகொண்டிருந்தது. சுட்டபிறகு சோப்புப் போட்ட சுடுதண்ணீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து உலர்த்தி, அதற்கப்புறம்தான் எண்ணெய். அதுவும் மெலிதாக. துளையில் எண்ணெய் தேங்கினாலும் பொறி செத்துவிடும்.

துப்பாக்கியைக் கொடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. ஆயா ஒரு நிபந்தனையில் நின்றார். 'டிக்' என்று கேட்டு வெடிக்காவிட்டால், குழல் வானத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். அசையாமல் ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர் சத்தமாக எண்ண வேண்டும். டார்ச் பிடிப்பவர் எப்போதும் அவருக்கு முதுகுப் பக்கம்தான். பெரியவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் அந்த வீட்டில் சோறு கிடைக்காது.

முதல் சோதனை மருந்து இல்லாமல். வெறும் குழலில் கேப் மட்டும் வைத்து, குழல் வாயைத் தரையில் கிடந்த ஒரு காய்ந்த இலைக்கு நேரே பிடித்து அடித்தார். துளை திறந்திருந்தால் இலை அசைய வேண்டும். இலை ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. இரண்டாவது கேப்புக்கும் அப்படியே. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதிலேயே எரிந்துவிடும்.

அந்த வாரமே பன்றி வந்தது. பேத்தி அவர் முதுகுக்குப் பின்னால் டார்ச்சோடு நின்றாள். வாயில் எண் தயாராக இருந்தது. எண்ண வேண்டியிருக்கவில்லை. விசை, கேப், வேட்டு மூன்றும் ஒரே சத்தமாகக் கேட்டன. பெரியவர் துப்பாக்கியைத் தாழ்த்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பழக்கமில்லாத சுத்தமான வேட்டு.

பன்றிகள் ஓடின. நாலாம் நாள் திரும்பி வந்தன. அந்த வருஷம் அவர் கொல்லையில் கால் பங்கு மல்லாட்டை போனது போனதுதான். இப்போது உரிமப் புத்தகம் இருக்கும் அதே தகரப் பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னொரு புது நிப்பிள் இருக்கிறது. மேலே பேத்தி கையெழுத்தில் ஒரு சீட்டு. மரை அளவு, கேப் நம்பர், மாற்றிய தேதி. கீழே, 'ஊசி போடக் கூடாது' என்று இரண்டு கோடு அடித்திருக்கிறாள்.