சாரலுக்கு ஒரு சராசரி

ஆனி பிறந்துவிட்டால் ஆய்க்குடியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருக்கும். தூறும், விடும், வெயில் எட்டிப் பார்க்கும், அதற்குள் மறுபடி தூறும். வெளியூரிலிருந்து யாராவது போன் போட்டு "அங்கே மழையா?" என்று கேட்டால், "மழையெல்லாம் இல்ல, சாரல்தான்" என்று பதில் வரும். குடையைத் தேடினால் மழை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் சாரல். ஊர் வைத்திருக்கும் வரையறை அவ்வளவுதான்.

மழைமானிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புனலில் விழுந்ததெல்லாம் அதற்கு மில்லிமீட்டர். காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்தில் சேர்ந்த நீரை அளந்து எழுதிவிடுவார்கள். தென்காசி மாவட்டத்தின் அன்றாட மழைப் பட்டியலில் ஆய்க்குடிக்கும் ஒரு வரி உண்டு. கூடவே செங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், சிவகிரி. அப்புறம் கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகள்.

இந்தப் பட்டியலை வைத்தே புள்ளியியல் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று இந்தப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குத் தோன்றியது. பாடப்புத்தகத்தில் எப்போது பார்த்தாலும் பத்து மாணவர்களின் மதிப்பெண், இல்லாவிட்டால் ஏதோ ஓர் ஆலைத் தொழிலாளர்களின் தினக்கூலி. அந்த மாணவர்கள் யார், ஆலை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மழை அப்படியில்லை. முதலாமாண்டு வகுப்பில் பாதிப் பேர் அன்று காலை நனைந்துதான் வந்திருந்தார்கள்.

கரும்பலகையில் ஏழு நாள் மழையை எழுதினார்: 2, 0, 3, 1, 4, 2, 100. நிஜப் பதிவு இல்லை, கணக்குச் சுலபமாக வரட்டும் என்று போட்டது என்பதையும் சொல்லிவிட்டார். கூட்டினால் 112. ஏழால் வகுத்தால் 16.

"சார், எந்த நாளும் பதினாறு பெய்யலியே" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

அவர் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான். ஆறு நாள் சாரல், ஒரு நாள் அடைமழை. சராசரி சொல்லும் பதினாறு மில்லிமீட்டர் நாள் அந்த வாரத்தில் எங்குமே இல்லை. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தினால் 0, 1, 2, 2, 3, 4, 100. நடுவில் நிற்பது 2, அதுதான் இடைநிலை. அதிகமுறை வந்ததும் 2, அது முகடு. துணி காயவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் வீட்டுக்கு இந்த 2தான் உண்மை.

கடைசி எண்ணை அழித்துவிட்டு 946 என்று எழுதினார். இது கற்பனை இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை. சென்டிமீட்டரில் சொன்னால் 95. அதே காலையில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டிய ஊர் காயல்பட்டினம். இப்போது சராசரி 16லிருந்து 137க்குத் தாவுகிறது. இடைநிலையோ அசையவில்லை, அதே 2.

அப்படியானால் சராசரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? பெரும்பாலான பாடங்கள் இந்த இடத்தில் இடைநிலைக்கு மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடும். இந்த வகுப்பில் வயல்காட்டு வீட்டுப் பெண் ஒருத்தி விடவில்லை. "குளத்துக்கு எது சார் சரி?"

நல்ல கேள்வி. பழைய வாரத்தின் சராசரி 16ஐ ஏழால் பெருக்கினால் 112 திரும்பக் கிடைக்கும். குளத்தின் மேல் விழுந்த மொத்தம் அதுதான். இடைநிலை 2ஐப் பெருக்கினால் 14தான் வரும். அந்தக் கணக்கை நம்பி மடையை அடைத்து வைத்தவர் மறுநாள் கரையைத் தேட வேண்டியதுதான். கொடியில் துணி போடுகிறவருக்கு இடைநிலை, குளத்தைப் பார்க்கிறவருக்குச் சராசரி. பாடப்புத்தகம் இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் வைக்கிறதே தவிர, யாருக்கு எது என்று சொல்வதில்லை.

பரவலை அளக்கத் திட்டவிலக்கம். ஆறு சாரல் நாளுக்கு மட்டும் போட்டால் ஏறத்தாழ 1.3, நூறையும் சேர்த்தால் 34. சராசரியே 16 இருக்கும்போது விலக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு! (ஏழால் வகுக்காமல் ஆறால் வகுத்தால் 37 வரும். எதால் வகுப்பது என்ற தகராறு எல்லா வகுப்பிலும் உண்டு. கையில் இருப்பதே முழுத் தொகுதி என்றால் ஏழு. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால் ஆறு.)

அணைகள் வேறு ஒரு வம்பு. குண்டாறு 36 அடியில் நிரம்பி வழியும். அடவிநயினாரின் கொள்ளளவு உயரம் 132 அடி. கருப்பாநதிக்கு 72, ராமநதிக்கு 84, கடனாவுக்கு 85. ஐந்து அணையின் நீர்மட்டத்தையும் கூட்டி ஐந்தால் வகுத்து ஒரு மாணவன் கொண்டுவந்தான். கூட்டல் சரி, வகுத்தல் சரி, விடைக்குத்தான் அர்த்தம் இல்லை. 36 அடி என்றால் குண்டாற்றுக்குத் திருவிழா; அடவிநயினாருக்கு அது பஞ்சம். ஒவ்வோர் அணையும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று மாற்றிய பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

மாதவாரியாகப் படம் போட்டால் இன்னொன்று தெரியும். இந்தப் பக்கத்து மழைக்குத் திமில் ஒன்று இல்லை, இரண்டு. தென்மேற்குப் பருவத்தில் ஒன்று. அதில்தான் குற்றாலத்தில் சீசன், வயலில் கார் சாகுபடி. வடகிழக்கில் இன்னொன்று, பிசான சாகுபடி அதை நம்பி. பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி எடுத்தால் அது இரண்டு திமிலுக்கும் நடுவே பள்ளத்தில் போய் உட்காரும். கார் பொய்த்து, ஐப்பசியில் வெளுத்து வாங்கினாலும் ஆண்டுக் கணக்கில் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இயல்பு அளவுக்கு 19 சதவீதம் கூடவோ குறையவோ இருந்தால் வானிலைத் துறை அதை 'இயல்பான மழை' என்றே எழுதும். காருக்கு விதை வாங்கிக் கடன்பட்ட அண்ணாச்சியிடம் அந்த ஆண்டு இயல்பானது என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

மழையும் புள்ளியியலும் பழைய கூட்டாளிகள்தான். 1922இல் வடக்கு வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது, பெருஞ்செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்ற யோசனை எழுந்தது. பி. சி. மகலனோபிஸ் சுமார் ஐம்பது ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளைப் புரட்டினார். தேக்கிப் பயனில்லை, தண்ணீர் விரைவாக வடியத்தான் வழி வேண்டும் என்று காட்டினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தொடங்கியவர் இவர்தான். இவர் பிறந்த ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாள். ஆய்க்குடியில் அது நல்ல சாரல் காலம்.

செய்முறைக்காக மாணவர்களே ஆளுக்கொரு வாரம் முறை வைத்து, கல்லூரிப் புல்வெளியில் ஒரு மழைமானியை அளந்து நோட்டில் எழுதினார்கள். மாதக் கடைசியில் கணக்குப் போட உட்கார்ந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே சின்னக் கோடு. ஒருவன் அதைச் சுழியாக வைத்து முப்பதால் வகுத்தான். இன்னொருத்தி அந்த நாளையே விட்டுவிட்டு இருபத்தொன்பதால் வகுத்தாள். விடை ஒத்துப்போகவில்லை. இருவரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வாரத்து முறைக்காரனிடம் போனார்கள்.

"ஏலே, இது மழை பெய்யாத கோடா, நீ வராத கோடா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அன்னைக்கு எங்க தெருவுல கோயில் கொடை."