கறுப்பனுக்கும் ஒரு வீடு

நுழையும்முன்

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. அவ்வாறு செல்லும்போது எதை உடன் எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வி எழுகிறது. தாங்கள் வளர்த்த நாயையும் மனத்தில் கொண்டு நகரத்தில் வீடு தேடிய ஒரு குடும்பத்தைப் பற்றியது இக்கட்டுரை.

லைன் வீடுகளும் நாய்களும்

கருநாடக மாநிலத்தில் உள்ள கோலார் தங்கவயலின் குடியிருப்புகளுள் ஒன்று ஸ்கெலட்டன். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குத் தங்கம் தோண்டத் தொடங்கியது. வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் கூலி வேலைக்குக் குடும்பத்துடன் வந்தனர். நிலத்தின்கீழ் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி, வெப்பத்திலும் இருளிலும் அவர்கள் பாறையை உடைத்தனர். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சுரங்க எந்திரங்களை இயக்கியது. தொழிலாளர் வாழ்ந்த சிறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அமைந்திருந்தன. அவ்வரிசைகளை மக்கள் ‘லைன்’ என்றே அழைத்தனர்.

லைனில் நாய் வளர்க்க எவரும் தனியே முடிவெடுப்பதில்லை. குட்டியொன்று எங்கிருந்தோ வரும். ஒரு வீட்டில் கஞ்சி கிடைக்கும், அடுத்த வீட்டில் பெயர் கிடைக்கும், மூன்றாம் வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கிடைக்கும். இரவுப் பணி முடிந்து திரும்புவோரின் காலடி ஓசையை அது அறியும். அயலார் வந்தால் மட்டும் குரைக்கும். அந்நாய்க்கு உரியவர் யார் என்று கேட்டால், லைனில் உள்ளோர் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை இழந்தோரின் பிள்ளைகள் பெங்களூருவுக்குச் செல்லத் தொடங்கினர். மாரிக்குப்பத்தில் விடியுமுன் புறப்படும் தொடர்வண்டியில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக நகரம் சென்று, இரவில் வீடு திரும்புவது பலருக்கு அன்றாட வாழ்க்கையாயிற்று.

விட்டுச் செல்லலாமா?

ஸ்கெலட்டனில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் தந்தையும் அவ்வாறே பதினோரு ஆண்டுகள் சென்று வந்தார். மகள் விழிக்குமுன் அவர் புறப்படுவார்; அவள் உறங்கியபின் திரும்புவார். தாய்க்கும் பெங்களூருவில் ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் வேலை கிடைத்தபோது, நகரத்திலேயே குடியேறுவது என்று இருவரும் முடிவு செய்தனர். சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா மட்டும் உடன் வர மறுத்துவிட்டார்.

அவ்வீட்டில் கறுப்பன் என்னும் நாட்டு நாய் ஒன்று இருந்தது. அதற்கு வயது ஆறு. அதனை முதலில் தாத்தாவிடமே விட்டுச் செல்லலாம் என்று எண்ணினர். ஆனால் அவருக்கு நெடுநாளாக மூச்சிரைப்பு இருந்தது. நாயின் பின்னால் ஓடவோ, நோயுற்றால் அதனைத் தூக்கிச் செல்லவோ அவரால் இயலாது. முன்பு கஞ்சி வார்த்த வீடுகளுள் பல பூட்டிக் கிடந்தன.

“தாத்தா, கறுப்பனுக்குத்தான் இந்த ஊர் பழகிவிட்டதே, அது இங்கேயே இருந்துகொள்ளாதா?” என்று மகள் கேட்டாள்.

“ஊர் என்றால் மண்ணா அம்மா? இந்த லைனில் பத்து வீட்டார் சேர்ந்து அதை வளர்த்தோம். ஒன்பது வீட்டார் போய்விட்டார்கள். நீங்களும் போய்விட்டால் அதற்கு இது எந்த ஊர்?” என்றார் தாத்தா.

அன்றிரவு அவர் மகாபாரதத்தின் இறுதிப் பகுதியைப் பேத்திக்குச் சொன்னார். உடன் வந்தோர் ஒவ்வொருவராக வழியில் வீழ்ந்தபின், ஒரு நாய் மட்டும் தருமரைத் தொடர்ந்து வருகிறது. அதனை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூறுகிறான். அடைக்கலமாக வந்ததைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கம் தமக்கு வேண்டாம் என்று மறுக்கிறார் தருமர். அந்த நாயே அறக்கடவுள் என்பது பின்னர்த் தெரியவருகிறது. “நாய்க்கு இடமில்லை என்று முதலில் சொன்னது பெங்களூரு வீட்டுக்காரர் அல்லர் என்று தெரிந்துகொள்” என்று தாத்தா சிரித்தார்.

மூன்று வீடுகள்

முதல் வீடு வொயிட்ஃபீல்டு பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒன்பதாம் தளத்தில் இருந்தது. அகன்ற கூடம், மின்தூக்கி, பூங்கா எல்லாம் இருந்தன. மகளுக்கெனத் தனியறையும் இருந்தது. அதன் சாளரத்தருகே நின்று, மேசையை எங்கே போடுவது என்றுகூட அவள் திட்டமிட்டுவிட்டாள். திரும்பும்போதுதான் வாயிற்காவலர், அங்கு நாய் வளர்க்கக் குடியிருப்போர் சங்கம் இசையாது என்று கூறினார்.

இத்தகைய தடை சட்டப்படி செல்லாது என்பதைத் தந்தை பின்னர் அறிந்தார். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதற்கு முழுத் தடை விதிக்கலாகாது என்றும், மின்தூக்கியைப் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது என்றும் அவ்வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் அத்தகைய தடைகள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்கிறது நம் அரசமைப்புச் சட்டம்.

சட்டத்தைக் காட்டி வாதாடலாம். ஆயினும் வாடகைக்கு வருவோருக்கு வீட்டு உரிமையாளரின் இசைவும் வேண்டும். அண்டை வீட்டாரின் முகமும் நாள்தோறும் எதிர்ப்படும். வழக்காடிக்கொண்டே குடியிருக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பொருளும் இல்லை. எனவே அவ்வீட்டை விட்டனர். அன்று தொடர்வண்டியில் மகள் ஒரு சொல்லும் பேசவில்லை.

இரண்டாம் வீடு கிருஷ்ணராஜபுரத்தில் இருந்தது. உரிமையாளர் நாய் வளர்க்க இசைந்தார், வாடகையும் குறைவு. அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் மகள் ஒரு தாளை எடுத்துக் கறுப்பனின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிப் பார்த்தாள். காலை எட்டு மணிக்குப் பெற்றோர் இருவரும் புறப்பட்டாக வேண்டும். அவள் பள்ளியோ தொலைவில். திரும்ப மாலை ஆறு ஆகும். பத்து மணி நேரம் கறுப்பன் தனித்துக் கிடக்க வேண்டும். வீடு மூன்றாம் தளம், மின்தூக்கி இல்லை. அது முதுமையடைந்து கால் தளர்ந்தால் யார் தூக்கி இறக்குவது? தரையின் பளபளப்பான ஓடுகளில் நாயின் கால் வழுக்கும். மாடத்தின் கம்பிகள் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி கொண்டவை. கீழே குறுகிய தெருவில் ஏற்கெனவே ஏழெட்டுத் தெருநாய்கள் தம் எல்லையைக் காத்து நின்றன.

“இந்த வீட்டில் கறுப்பன் இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எப்படி அப்பா இருக்கும்?” என்று அவள் தாளை நீட்டினாள். தந்தை அதனை இருமுறை படித்தார். இசைவு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றே அதுவரை அவர் எண்ணியிருந்தார்.

மூன்றாம் வீடு அல்சூரில், தமிழர் நெடுங்காலமாக வாழும் பகுதியில் இருந்தது. பழைய வீட்டின் தரைத்தளம். இரண்டே சிறிய அறைகள். சொரசொரப்பான சிமெண்டுத் தரை. பின்புறம் முருங்கை மரம் நிற்கும் சிறு முற்றம். தாய் வேலை செய்யும் இடம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. நண்பகலில் வந்து செல்லலாம். பள்ளி விட்டு மகள் மூன்றரை மணிக்கே திரும்பிவிடலாம். வாடகை மட்டும் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல். மகளுக்குத் தனியறை இல்லை.

“உன் அறை போய்விடுமே, பரவாயில்லையா?” என்று தாய் கேட்டாள்.

மகள் உடனே விடை கூறவில்லை. முற்றத்துக்குச் சென்று சிறிது நேரம் நின்றாள். “மேசையை இங்கே முருங்கை மரத்தடியில் போட்டுக்கொள்கிறேன். மழை வந்தால் உள்ளே எடுத்துக்கொள்ளலாம்” என்றாள்.

அஞ்சுவோரும் அயலவரே

மேல்தளத்தில் ஒரு மூதாட்டி வசித்தார். சிறுவயதில் நாய்க்கடி பட்டவர் அவர்; நாயைக் கண்டாலே நடுங்குவார். “நாய் வந்தால் நான் எப்படியம்மா படியிறங்குவேன்?” என்று அவர் கேட்டார். அக்கேள்வி நியாயமானது. நாயை நேசிப்போர்க்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை நாய்க்கு அஞ்சுவோர்க்கும் அந்த நடைவழியில் உண்டு.

எனவே குடும்பத்தார் சில முறைகளை வகுத்துக்கொண்டனர். பொது நடைவழியில் கறுப்பனைச் சங்கிலியின்றி விடுவதில்லை. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதன் சான்றிதழை மூதாட்டியிடமும் காட்டுவது. தெருவில் அது அசுத்தம் செய்தால் உடனே எடுத்துத் தூய்மை செய்வது. மூதாட்டி கோவிலுக்குச் செல்லும் காலை ஏழு மணிக்கு அதனை வெளியே கொண்டு வருவதில்லை. நோயுற்றால் எங்கே செல்வது என்பதையும் முன்னரே கேட்டறிந்தனர். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை உண்டு.

கறுப்பனைத் தொடர்வண்டியில் தம்முடன் அழைத்துவர இயலவில்லை. சாதாரணப் பயணப் பெட்டியில் நாய்க்கு இடமில்லை என்பது இரயில்வே விதி. பாத்திரங்களும் கட்டிலும் ஏற்றிய சிறு சரக்கு வண்டியில், தந்தையின் காலடியில் படுத்தபடி அது நகரம் வந்து சேர்ந்தது. முதல் நான்கு இரவுகள் ஊளையிட்டது; உணவைத் தொடவில்லை. தந்தை கதவருகே பாய் விரித்து அதன் பக்கத்தில் படுத்தார். ஐந்தாம் நாள் சிறிது தயிர்ச்சோறு உண்டது.

கல்லில் நின்ற நாய்கள்

நாயை மதிக்கும் வழக்கம் தமிழகத்திலும் கருநாடகத்திலும் பழைமையானது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனின் உருவத்தருகே நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் அக்கல் கூறுகிறது. கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போரில் வென்ற மணலேரன் என்னும் வீரன் காளி என்னும் வேட்டை நாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றதையும், அது காட்டுப்பன்றியுடன் போரிட்டு மாண்டதையும் அது குறிக்கிறது. அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. பிறந்த மண்ணிலும் குடிபுகுந்த மண்ணிலும் நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்தோர் இருந்தனர் என்பதை அறிந்தபோது மகள் வியந்தாள். அடுத்த ஞாயிறு தந்தையுடன் சென்று அக்கல்லைப் பார்த்து வந்தாள்.

ஸ்கெலட்டனில் பத்து வீடுகள் பகிர்ந்து செய்த வேலையை அல்சூரில் ஒரு வீடே செய்ய வேண்டியுள்ளது. அதனால் யார் எந்நேரம் என்ன செய்வது என்று எழுதிய தாள் ஒன்று சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. நண்பகல் உணவு தாயின் பொறுப்பு. மாலை நடை மகளின் பொறுப்பு. காலை ஐந்து மணி தந்தைக்குரியது. முன்பு மாரிக்குப்பம் நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நின்ற அதே வேளையில், இப்போது அவர் கறுப்பனுடன் தெருக்கோடிவரை நடந்து திரும்புகிறார். வந்ததும் மகளை எழுப்புகிறார்.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
அடைக்கலம் – பாதுகாப்பு நாடி வந்த நிலை
மாடம் – வீட்டின் வெளிப்புறம் நீண்ட மேல்தள இடம்
நடுகல் – போரில் இறந்த வீரனுக்கு நட்ட கல்
ஆநிரை – பசுக்கூட்டம்

வினாக்கள்

1. லைனில் நாய் வளர்ந்த முறைக்கும் நகரத்தில் வளரும் முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உரிமையாளர் இசைந்தும் இரண்டாம் வீட்டைக் குடும்பத்தார் ஏன் ஏற்கவில்லை?
3. மூதாட்டியின் கேள்வி நியாயமானது என்று கட்டுரை கூறுவது ஏன்?
4. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஊர் மாறியபோது உடன் கொண்டுவந்தவை எவை, விட்டு வந்தவை எவை? கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.