என்னைப் பற்றி யார் 'பாஸ் ஓவர்' கொடுப்பது?

எங்கள் வேலையில் 'பாஸ் ஓவர்' என்று ஒன்று உண்டு. காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் தாதியர் வந்ததும், கட்டில் கட்டிலாக நின்று நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்போம். "ஐந்தாம் கட்டில், வயது 68, இரவு காய்ச்சல் இருந்தது, காலையில் கொஞ்சம் கஞ்சி குடித்தார், இரண்டு மணிக்கு மருந்து" என்று போகும். வார்டில் இருக்கும் அத்தனை பேரைப் பற்றியும் சொல்லிவிடுவோம். விட்டுப்போகும் ஒரே ஆள், சொல்லிக்கொண்டிருக்கும் மிஸ்ஸிதான்.

ஜார்ஜ்டவுனில் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக இருக்கிறேன். இது என் கண்ணில் பட, ஒரு பாட்டியிடம் நான் தவறாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

2021 ஆகஸ்ட். நாட்டில் ஒரு நாள் தொற்று 20,000-ஐத் தாண்டிய மாதம். உணவில்லாத வீடுகளில் வெள்ளைக்கொடி தொங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வார்டு கோவிட் வார்டாகியிருந்தது. பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டால் கழற்றும் வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது. உடன் வேலை செய்தவர்களே தொற்றில் படுத்ததால், ஒருத்தி மூன்று பேர் வேலையைப் பார்த்தோம். இரட்டை ஷிப்ட் வழக்கமாகிவிட்டது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார். உடையின் மேல் மார்க்கரில் எழுதியிருந்த என் பெயரைப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளையா நீ?" என்று கேட்டவர். அன்று மாலை நான் கடந்துபோகும்போது கையைப் பிடித்தார். "மிஸ்ஸி, பேரனுக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா."

"பாட்டி, எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். சொன்னதைவிடச் சொன்ன குரல்தான் மோசம். பாட்டி கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

அன்று நான் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு வேலையில் ஒரு தவறும் செய்யவில்லை. மருந்து நேரத்துக்குப் போனது, குறிப்புகள் சரியாக இருந்தன. ஆனால் நோயாளிகளைக் கட்டில் எண்ணால் மட்டும் நினைக்கத் தொடங்கினேன். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே மோட்டாரை நிறுத்திவிட்டு, மேலே போக மனமில்லாமல் அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். "அம்மா, நீங்க பதில் சொல்றீங்க, பேசறதில்லை" என்றாள் மகள்.

இரவில் படுத்ததும் என்னை நானே ஏசிக்கொள்வேன். "நீயெல்லாம் ஒரு மிஸ்ஸியா?" இப்படி ஏசிக்கொண்டால்தான் இனி ஒழுங்காக இருப்பேன் என்று நம்பினேன். நடந்தது வேறு. வயதான பெண்கள் படுத்திருக்கும் கட்டில் பக்கம் போவதையே தவிர்த்தேன். அவர்கள் கூப்பிட்டால் உடன் இருப்பவளை அனுப்பினேன். குற்ற உணர்ச்சி என்னை நல்ல தாதியாக்கவில்லை, இன்னும் தூரமாக்கியது.

அடுத்த ஆண்டுதான் எங்கள் சிஸ்டர் என்னைப் பிடித்தார். பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவர். கேன்டீனில் தே தாரிக்கை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாஸ் ஓவர் குடு" என்றார்.

"எந்தக் கட்டில் சிஸ்டர்?"

"உன்னைப் பத்தி."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்று ஆரம்பித்தேன். "பெண், வயது 43. சரியான தூக்கம் இல்லை. காலையில் பசியாறுவதில்லை. பேச்சு குறைந்திருக்கிறது. சென்ற ஆகஸ்டில், தொடர்ந்து 14 மணி நேரம் நின்ற ஒரு நாளில், தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரு பாட்டியிடம்..." அதற்கு மேல் வரவில்லை. கேன்டீனில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

சிஸ்டர் "பரவாயில்லை, நீ ஒண்ணும் தப்பு செய்யலை" என்று சொல்லவில்லை. "நீ பேசினது தப்புதான். ஆனா இந்த நோயாளியை உன்கிட்ட ஒப்படைச்சா, முதல்ல என்ன செய்வே? ஏசுவியா?" என்று கேட்டார்.

மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன்.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். 1974-இல் நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்களைக் கவனித்து, 'பர்ன் அவுட்' என்ற சொல்லைப் பயன்படுத்தி எழுதியவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். அவரே அந்த நிலைக்கு ஆளானவர். எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகுமே, அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. கட்டில் எண்ணால் மனிதர்களை நினைத்தது எந்த அடையாளம் என்று எனக்குப் புரிந்தது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதற்குத் தமிழில் பெயர் வைப்பதே சிரமம். 'தன்னிரக்கம்' என்றால் நமக்கு மூலையில் உட்கார்ந்து "என் கதியைப் பார்" என்று புலம்புவது. அது இல்லை. தன்மீது பரிவு என்று சொல்லலாம். 2003-இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் இதை மூன்றாகப் பிரித்தார்: தன்னிடம் கனிவாக இருப்பது, தவறுவதும் துவள்வதும் எல்லா மனிதருக்கும் உள்ளது என்று உணர்வது, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளபடி பார்ப்பது. எங்கள் சிஸ்டர் இதையெல்லாம் படித்தவரா, தெரியாது. ஒரு குவளை தே தாரிக்கோடு மூன்றையும் செய்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சிறிய புத்தகம். ஷிப்ட் முடிந்து மோட்டாரை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதுவேன். இன்று எது உறுத்தியது? அப்போது என் உடம்பும் மனமும் எப்படி இருந்தன? இதே இடத்தில் ஒரு ஜூனியர் இருந்தால் அவளிடம் என்ன சொல்வேன்? நாளை எதை மாற்றலாம்? அவ்வளவுதான்.

ஒரு நாள் எழுதியது இது: "நோயாளியின் மகன் கத்தினார், நானும் கத்தினேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஜூனியராக இருந்தால், முதலில் போய்ச் சாப்பிடு, அப்புறம் அவரிடம் போய்ப் பேசு என்பேன். நாளை பையில் ரொட்டி." மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னை ஏசிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் செய்திருக்க மாட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்திருப்பேன்.

மாதம் ஒருமுறை நாங்கள் நான்கு பேர் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுகிறோம். நோயாளிகளின் பெயரைச் சொல்லக் கூடாது, கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது என்பவை மட்டுமே சட்டம். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்பவர் மருத்துவர்களை இப்படி உட்காரவைத்துப் பேசவைத்தாராம். இன்றும் பல நாடுகளில் அந்தக் குழுக்கள் உண்டு. மருத்துவர்கள் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழியில், தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வேன் என்ற வரி 2017-இல்தான் சேர்ந்தது. அவர்களுக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு 555 புத்தகம் மருந்தாகாது. 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். 2022-இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவரின் மரணத்துக்குப் பிறகு, பகடிவதை பற்றியும் வேலைச்சூழல் பற்றியும் ஆராய சுகாதார அமைச்சு பணிக்குழு அமைத்தது. இவை தனிமனிதர் மூச்சுப் பயிற்சி செய்து தீர்க்கும் விஷயங்கள் அல்ல. "உன்னை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லும் நிர்வாகம், பார்த்துக்கொள்ள நேரமும் தரவேண்டும். ஆனால் என்னை ஏசிக்கொண்டிருந்த வரையில், எல்லாம் என் குறை என்றே நினைத்தேன். பரிவோடு பார்க்கத் தொடங்கிய பிறகுதான், எது என் தவறு, எது என் தலையில் வைக்கப்பட்ட சுமை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. கூட்டங்களில் ஆள் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் துணிந்தேன்.

இது தாதியருக்கு மட்டும் இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஆலோசகர்கள், படுத்த படுக்கையான மாமியாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள், எல்லோருக்கும் தினமும் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருக்கிறது. இன்றிரவு ஒரு முறை உங்களைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். எழுதித் தீராத அளவுக்குப் பாரம் இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது; பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களும் தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். உதவுகிறவர் உதவி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பாட்டியின் பேரனுக்கு அந்த போன் போகவே இல்லை. அதை நான் மாற்ற முடியாது. ஆனால் இப்போது பாஸ் ஓவரில் ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறேன். "பத்தாம் கட்டில், மகளிடம் பேசணும்னு கேட்டார். என்னால முடியலை. நீ போட்டுக் குடுத்துடு."

எங்கள் ஜூனியர்களும் அப்படியே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.