கவசமணிந்த விளையாட்டு

மரச்சட்டங்களால் அடைக்கப்பட்ட நீள்சதுரக் களம். அதன் இருபுறமும் ஐவர் ஐவராக இரும்பு மனிதர் நிற்கின்றனர். நடுவர் குரல் கொடுத்ததும் ஓடிவந்து மோதுகின்றனர். வாள் தலைக்கவசத்தின்மீது வீழும் ஓசை கொல்லன் பட்டறையை நினைவூட்டுகின்றது. கேடயத்தால் நெஞ்சில் இடிப்பதும், இடுப்பைப் பற்றி எதிரியை வேலியோடு சாய்ப்பதும், கோடரியாற் கேடயத்தின் மேல் மீண்டும் மீண்டும் வெட்டுவதும் அங்கு விதிக்கு உட்பட்ட செயல்களே. இது நாடகமன்று, முன்கூட்டியே ஒத்திகை பார்த்த சண்டையுமன்று. புகூர்ட் எனப்படும் இவ்விளையாட்டு, நாடுகள் தத்தம் அணிகளை அனுப்பிப் பொருதும் போட்டியாக இந்நூற்றாண்டில் வளர்ந்துள்ளது.

அணியும் கவசம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை மெய்யாகவே வழங்கிய ஏதேனும் ஒரு கவசத்தை ஒத்திருத்தல் வேண்டும். அதன் நிறை ஏறத்தாழ 30 கிலோகிராம். ஆயுதங்களுக்குக் கூர் இல்லை. குத்துதல் அறவே விலக்கு. பிடரி, முழங்காலின் பின்புறம், கவட்டு ஆகியவற்றில் அடித்தல் ஆகாது. இரு பாதங்களைத் தவிர உடலின் பிறிதோர் உறுப்பு நிலத்திற் பட்டால் அவ்வீரன் அச்சுற்றில் தோற்றவனாவான். வீழ்ந்தவனை எவரும் தாக்குதல் கூடாது. விதிநூலில் இது ஒரு வரிதான். எனினும் ஏனைய விதிகள் யாவும் இவ்வொரு வரியைச் சுற்றியே நிற்கின்றன என்று தோன்றுகின்றது.

ஐரோப்பாவின் இடைக்காலத்தில் இத்தகைய போட்டிகள் பிரபுக்களின் பொழுதுபோக்காகவும் போர்ப்பயிற்சியாகவும் இருந்தன. உயிர்ச்சேதம் மிகுந்தமையால் 1130இற் பாப்பரசர் இரண்டாம் இன்னொசென்ற் அவற்றைத் தடைசெய்தார். 1316இல் தடை நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளும் பிரபுக்கள் தடையைப் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு கதை. 1559இற் பிரான்சிய மன்னன் இரண்டாம் என்றி, பாரிசில் நிகழ்ந்த களியாட்டப் போட்டியில் எதிரியின் ஈட்டி முறிந்து, அதன் சிராய் கண்ணினூடு பாய, பத்தாம் நாள் மாண்டான். அதற்கு அடுத்த ஆண்டு, 1560இல், கொன்ஸ்தந்தீனோ தெ பிறகன்சாவின் தலைமையிற் போர்த்துக்கேயர் படை யாழ்ப்பாணத்தில் இறங்கி நல்லூரைக் கைப்பற்றியது. சங்கிலி மன்னன் பின்வாங்கினான். மக்கள் கிளர்ந்தெழவே படை திரும்பிச் சென்றது. அங்கே விளையாட்டுக்கு அணிந்த இரும்பு இங்கே விளையாட்டாக வரவில்லை.

நம்மவரிடையே கவசமணிந்து பொருதும் விளையாட்டு வேரூன்றியதாகத் தெரியவில்லை. இந்நாட்டின் வெயிலில் அது வேரூன்றாமற் போனதில் வியப்புமில்லை. சிலம்பத்தில் வெற்றுடம்புக்கும் கம்புக்கும் இடையே நிற்பது ஆடுவோனின் கட்டுப்பாடு ஒன்றே. கம்பின் நுனியிற் சாயம் தோய்த்து எதிரியின் உடலிற் பொட்டு வைப்பதையே வெற்றியாகக் கணக்கிடும் முறையும் உண்டு. கூத்திலோ போர் முழுவதும் ஆட்டமாகவும் பாட்டாகவும் மாறிவிடுகின்றது. மத்தளத்தின் தாளத்துக்கு இசைந்தே வில் வளையும், தலை சாயும். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1962இற் பேராதனையில் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். பிறப்போடு வந்த கவசத்தைக் கேட்டவனுக்கு அறுத்துக் கொடுத்தவனே அப்போரின் நாயகன். தமிழ் மனத்திற் கவசம் என்றதும் எழும் உருவம் அதனை அணிந்து வென்றவனுடையதன்று, இழந்து வீழ்ந்தவனுடையது.

புகூர்ட் போட்டிகள் நிகழும் இடங்கள் நோக்கத்தக்கவை. 2014இல் ஸ்பெயினின் பெல்மொந்தே கோட்டையிலும், 2015இற் போலந்தின் மல்போர்க் கோட்டையிலும் உலகப் போட்டிகள் நடைபெற்றன. இவற்றுக்கு முன்னர், 2010இலும் 2011இலும், உக்ரேனிலுள்ள கோத்தின் கோட்டையில் இரசியா, உக்ரேன், பெலருஸ், போலந்து முதலிய நாடுகளின் அணிகள் மோதின. அதே கோட்டையின் அருகில் 1621இற் போலந்து – லித்துவேனியப் படையும் துருக்கியப் படையும் பெரும் போர் புரிந்தன. அவ்வாண்டிலேதான் இங்கே பிலிப் தெ ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சென்றபின் கோத்தினிற் போர் விளையாட்டாயிற்று. பகைவரின் பேரர் ஒருவரையொருவர் இரும்பால் அடித்து, மாலையில் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அளவுக்குக் காலம் அதனை ஆற்றிவிட்டது எனலாம்.

யாழ்ப்பாணக் கோட்டையும் பழையதே. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் மூன்று மாதத்துக்கு மேலான முற்றுகையின்பின் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் விரித்தனர். கோட்டையின் அழகைப் பொறுத்தவரை அது போட்டிக்களமாகத் தகுதியற்றதன்று. ஆனால் அதன் இறுதி முற்றுகை 1658இல் நிகழ்ந்ததன்று, 1990இல் நிகழ்ந்தது. 1706இல் எழுப்பப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் அந்தப் போரில் அழிந்தது. அம்முற்றுகையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கண்டோர் இன்றும் உயிரோடிருக்கின்றனர். அம்முருகைக்கற் சுவரின்முன் வாளேந்தி விளையாடுமாறு எவரையும் அழைத்தல் இயலாது. அம்பு விடுமுன் காப்பற்றோரை விலகச் சொல்லும் அரசனை நெட்டிமையார் புறநானூற்றிற் பாடினார்; எறிகணை எவரையும் விலகச் சொல்வதில்லை. வீழ்ந்தவனைத் தாக்காதே என்னும் விதியின் விலையை அதனை இழந்த நாட்டவர் அறிவர்.

காலம் ஆற்றும் என்பதும் முழு உண்மையன்று. 2022 பெப்புருவரியில் இரசியப் படை உக்ரேனுள் நுழைந்தது. கோத்தின் களத்தில் நடுவரின் குரலுக்கு வாளைத் தாழ்த்திய அணிகளின் நாடுகள் அவை. இம்முறை வேலியுமில்லை, நடுவருமில்லை.

யாழ்ப்பாணக் கோட்டையின் வெளிச்சுவர்கள் திருத்தப்பட்டுள்ளன. மாலை வேளைகளில் மக்கள் கொத்தளத்தின்மீது நடந்து கடற்காற்று வாங்குகின்றனர். கீழே முற்றவெளியில் இளைஞர் பந்து விளையாடுகின்றனர். தேவாலயம் நின்ற இடத்திற் கற்குவியல் கிடக்கின்றது.