மலையைக் கடந்த வழி

இமயமலைச் சாரலில், நேபாள நாட்டின் மியாக்தி மாவட்டத்தில், நாங்கி என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. கண் சென்ற இடமெல்லாம் மலைமுடி. கால் சென்ற இடமெல்லாம் பள்ளத்தாக்கு. காண்பதற்கு இனிய அவ்வூர் வாழ்வதற்கு அரியதாய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு முடியும் காலத்திலும் அங்குச் சாலை இல்லை, தொலைபேசி இல்லை. வண்டி செல்லும் வழியை அடைய ஒரு பகல் முழுதும் நடத்தல் வேண்டும். நோயுற்றவரையும் அவ்வழியே சுமந்து செல்லுதல் வேண்டும். உலகம் அவ்வூரை அறியவில்லை. அவ்வூரும் உலகை அறியவில்லை.

அங்கே 1955-ஆம் ஆண்டில் பிறந்தவர் மகாவீர் புன். அவர் பயின்ற பள்ளியில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. சிறுவர்கள் மரப்பலகையில் கரி பூசி, மலைச்சரிவில் கிடைத்த மென்மையான சுண்ணாம்புக் கல்லால் எழுதினர். ஏழாம் வகுப்பிலேதான் அவர் தாளில் எழுதினார். எட்டாம் வகுப்பிலேதான் பாடநூலைக் கையில் ஏந்தினார். மகனைப் படிக்கவைக்க விரும்பிய தந்தையார், குடும்பத்தோடு சமவெளியில் குடியேறினார்.

மகாவீர் ஆசிரியராய்ப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். பின்னர் அமெரிக்காவில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1992-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். வளமான வாழ்வு அங்கே காத்திருந்தது. ஆயினும் அவர் உள்ளம் நாங்கியையே நாடியது. கற்றவன் திரும்பிவாராவிடின் கல்லாத ஊருக்குக் கதி யாது? அவர் ஊர் திரும்பி, ஊராரோடு கூடிப் பள்ளியை வளர்க்கலானார்.

ஆஸ்திரேலிய மாணவர் சிலர் பழைய கணினிகளை அப்பள்ளிக்கு அனுப்பினர். மின்சாரம் இல்லாத ஊரில் கணினி எதற்கு என்று அவர் சோரவில்லை. ஓடையில் சிறு மின்பொறிகளை அமைத்தார். பழைய உறுப்புகளைத் திரட்டி, மரப்பெட்டிகளுக்குள் பொருத்திப் புதிய கணினிகளையும் உருவாக்கினார். மரப்பலகையில் எழுதிய கை மரப்பெட்டியில் கணினி செய்தது!

கணினி வந்தது, இணையம் வரவில்லை. மின்னஞ்சலைக் காண்பதற்கும் பொக்காரா நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டில் அவர் பி.பி.சி. வானொலி நிறுவனத்திற்கு எழுதி, தம் ஊருக்குக் குறைந்த செலவில் இணையம் கொணர வழி கேட்டார். அச்செய்தி வெளியாயிற்று. பிற நாடுகளிலிருந்து அறிவுரைகள் வந்தன. தன்னார்வலர் சிலரும் மலையேறி வந்தனர்.

கம்பியில்லா அலைகள் நேரே செல்வன. இடையே மலை நின்றால் தடைப்படுவன. ஆதலால் உயர்ந்த முகட்டில் இடைநிலையம் அமைத்து, நகரிலிருந்து வரும் அலையை வாங்கி, ஊர்ப்பக்கம் திருப்பிவிடல் வேண்டும். கோபுரம் கட்டப் பொருள் இல்லை. எனவே மரமே கோபுரம் ஆயிற்று. தொலைக்காட்சித் தட்டு அலைவாங்கி ஆயிற்று. ஊரார் கருவிகளைத் தோளில் சுமந்து முகடு ஏறினர்.

அக்காலத்தில் நேபாளத்தில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. கம்பியில்லாக் கருவியைக் கண்டால் படையினரும் ஐயுறுவர், கிளர்ச்சியாளரும் ஐயுறுவர். அவ்விருவர்க்கும் இடையே, உயிருக்கும் உறுதியில்லாத நிலையில், அவ்வேலை நடந்தது. 2003-ஆம் ஆண்டில் நாங்கி உலகோடு இணைந்தது.

விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதுபோல, ஊரிலிருந்து ஊருக்கு இணைப்புப் பரவியது. 2007-ஆம் ஆண்டிற்குள் 12 ஊர்கள் அவ்வலையில் சேர்ந்தன. சிற்றூர் மருத்துவ நிலையத்திலிருந்து தலைநகரத்து மருத்துவரிடம் முகம் பார்த்து அறிவுரை பெற முடிந்தது. நல்லாசிரியர் ஒருவர் ஓரூரில் நடத்தும் பாடத்தை மற்றோர் ஊர் மாணவரும் கேட்டனர். மேய்ச்சல் நிலத்தில் யாக் என்னும் மலையெருமை மேய்ப்போர் வீட்டாரோடும் வணிகரோடும் பேசினர். அவ்வாண்டில் மகாவீர் புன் ரமோன் மகசேசே விருது பெற்றார். 2014-ஆம் ஆண்டில் இணையப் புகழ்மன்றத்திலும் அவர் பெயர் இடம்பெற்றது.

இவ்வெற்றிக்குக் காரணம் கருவியா? கருவி கடையிலும் கிடைக்கும். வழி அமைத்தால் மட்டும் போதாது. அதில் நடக்கவும் பழக்குதல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கணினிகளைக் கொடுத்ததோடு நில்லாமல் ஆசிரியர்களைப் பயிற்றினார், மீண்டும் பயிற்றினார், பழுதுற்றபோது உடனிருந்து சீர்செய்தார். பள்ளிச் செலவுக்குப் பிறர் கையையே எதிர்பாராமல், கையால் தாள் செய்தல், பழப்பாகு காய்ச்சுதல் முதலிய தொழில்களையும் ஊரில் வளர்த்தார்.

தொலைவு என்பது நிலத்தின் அளவு மட்டும் அன்று. மறக்கப்படுதலும் தொலைவே ஆகும். தாம் பெற்ற கல்வியைத் தம் ஊரை மறவாமல் பயன்படுத்தினார் ஓர் ஆசிரியர். மலை இன்றும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் அது இப்பொழுது தடை அன்று. அலைகளைத் தாங்கி நிற்கும் துணையே ஆகும்.