இரண்டு இருபதுகள்

புனே நகரின் ஒரு பல்கலைக்கழக விடுதியில் ஞாயிறு மாலைகளில் ஐந்து ஆய்வாளர்கள் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடி வந்தனர். அவர்களிடையே ஒரு கதை வழங்கி வந்தது. பனிக்குகையில் இளம் வெண்டிராகன் ஒன்றிடம் சிக்கிய கள்வன் குற்றுயிராய் வீழ்ந்து கிடக்கிறான். இன்னும் ஒரு வீச்சு பிழைத்தால் மரணம். அவனை ஆடிய இயற்பியல் ஆய்வாளர் பகடையை உருட்டுகிறார், இருபது. கள்வன் கண்விழித்து எழுகிறான். எழுந்த வேகத்தில் குறுவாளை ஓங்குகிறான், மீண்டும் இருபது. டிராகன் சாய்கிறது. அன்று எழுந்த கூச்சலில் அடுத்த அறைக்காரர் வந்து கதவைத் தட்டினாராம். குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும்.

ஆடிப் பழகாதவர்களுக்கு விதியைச் சற்றுச் சொல்ல வேண்டும். இவ்வாட்டத்தில் ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வர். செய்ய முனைந்தது கைகூடியதா என்பதைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை தீர்மானிக்கும். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, வீழ்ந்த பாத்திரம் தன் முறை வரும்போதெல்லாம் உயிருக்காக ஒரு வீச்சு வீச வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று தோல்வியில் சாவு. இருபதே விழுந்துவிட்டாலோ, ஓர் உயிர்ப்புள்ளியோடு அப்போதே எழுந்துவிடலாம். தாக்கும்போதும் அப்படித்தான்: இருபது விழுந்தால் எத்தகைய கவசத்தையும் வாள் துளைக்கும், ஒன்று விழுந்தால் எத்தகைய வீரனின் வாளும் தவறும். தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர்களுக்கு இது முதலில் சற்று உறுத்தும். அங்கே ஒன்றுக்குத்தான் காத்திருப்பார்கள். தாயம் விழாமல் காய் இறங்காது.

இருபதைச் சுற்றியுள்ள இந்த ஒளிவட்டம் ஆட்டத்தோடு பிறந்ததன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இவ்வாட்டத்தை வெளியிட்டனர். இருபது விழுந்தால் இரட்டைச் சேதம் என்னும் விதி, மறு ஆண்டு வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்னும் வேறோர் ஆட்டத்தில் இடம்பெற்றது. அதை எழுதிய எம்.ஏ.ஆர். பார்க்கர் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த பேராசிரியர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் செய்தவர். கைகாக்ஸுக்கோ அவ்விதி பிடிக்கவில்லை. 1979இல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டில் அதை வெளிப்படையாகவே மறுத்தார். எதிரிகளுக்கும் அதே சலுகையைத் தர வேண்டிவரும், நெடுநாள் வளர்த்த பாத்திரங்கள் வீணே சாகும் என்பது அவர் கவலை. ஆடுபவர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இருபது விழும்போது மேசையில் எழும் ஆரவாரத்தை எந்தக் கையேட்டாலும் அடக்க முடியாது போலும்.

புனேக் குழுவில் புள்ளியியல் மாணவர் ஒருவர் இருந்தார். மலிவாக வாங்கிய பகடைகளின்மேல் அவருக்கு நம்பிக்கையில்லை. முதலில் உப்பு கரைத்த நீரில் அவற்றை மிதக்கவிட்டு, ஒரே முகம் மேலே வருகிறதா என்று பார்த்தார். அதில் மனம் நிறைவடையாமல், விழும் ஒவ்வொரு இருபது முக வீச்சையும் ஒரு குறிப்பேட்டில் பதியலானார்: தேதி, ஆள், எண், எதற்கான வீச்சு. போதுமான வீச்சுகள் சேர்ந்ததும் கை-வர்க்கச் சோதனை செய்து பகடையின் நேர்மையை அளப்பது அவர் திட்டம். நான்கு முகப் பகடை சோதனைக்கு உட்பட்டதன்று. அது விழுந்தால் ஓரத்தில் பென்சிலால் மட்டும் குறித்துக்கொள்வார். மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

அவரிடம் கேட்டால் இரண்டு இருபதுகள் அப்படியொன்றும் அதிசயமில்லை என்பார். அடுத்தடுத்த இரு வீச்சும் இருபதாக வருவதற்கான வாய்ப்பு 400இல் 1. ஒரு மாலையில் 100 முறை உருட்டினால் அடுத்தடுத்த இணைகள் 99. ஆகவே சராசரியாக நான்கு மாலைக்கு ஒருமுறை அந்த இணை வந்தே தீரும். பூட்டைத் திறக்கும்போதும் குதிரை விலை பேசும்போதும் அது வந்து போகும். அப்போது எவரும் கவனிப்பதில்லை. டிராகனின் வாயருகே வந்தது மட்டும் நினைவில் தங்குகிறது.

இங்கே ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்தை நினைக்காமல் இருக்க முடியாது. இன்றைய மாணவர் பலருக்கு இவ்வாட்டத்தை அறிமுகப்படுத்தியதே அத்தொடர்தான். சிறுவன் வில்லுக்குப் பதின்மூன்றோ அதற்கு மேலோ வேண்டும். பகடை மேசையை விட்டு உருண்டோடிவிடுகிறது. ஆட்டம் கலைந்த பரபரப்பில் யாரும் அந்த எண்ணைப் பொருட்படுத்தவில்லை; சொல்லாமலே போயிருக்கலாம். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் நண்பனிடம் சொல்லிவிட்டுப் போகிறான்: ஏழு. நான்காம் பருவத்தில் எரிகா வீழ்த்தும் இருபது இதைவிடப் பெரிய ஆரவாரத்தோடு வருகிறது. ஆயினும் கனம் அந்த ஏழுக்குத்தான்.

குழுவின் ஐந்தாமவர் பாலி மொழிச் சுவடிகளில் ஆய்வு செய்தவர். கிளெரிக் எனப்படும், அருள்மந்திரம் வல்ல பாத்திரத்தை ஆடினார். அதிகம் பேசமாட்டார். ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்தது. ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் எஞ்சி நின்றன. ஊரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஏற்றுக்கொண்டார். அவர் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, அவருடைய இடத்துக்கு வரவிருந்த முதலாண்டு மாணவரும் வந்திருந்தார். வழக்கம்போல் இயற்பியலாளர் இரண்டு இருபதுகளின் கதையைத் தொடங்கினார். அது எந்த மாதம் என்று பேச்சு வந்தது. புள்ளியியலாளர் குறிப்பேட்டைப் புரட்டினார்.

பக்கம் கிடைத்தது. உயிர்வீச்சு: 20. அதில் ஐயமில்லை. அடுத்த வரி, குறுவாள்: 10.

ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு 1.

கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. கள்வனின் திறனுக்காகச் சேர்வது 6, ஆகப் பதினாறு. டிராகனின் கவச எண் 17. நான்கு முகப் பகடையின் அந்த ஒன்றுதான் குறையை நிரப்பியிருக்கிறது. அது கிளெரிக்கின் ‘பிளெஸ்’ என்னும் ஆசி மந்திரத்தால் வந்தது. போர் தொடங்கும்போதே அவர் தம்மிடம் எஞ்சியிருந்த கடைசி மந்திரத்தை அதற்குச் செலவிட்டிருந்தார். கள்வன் வீழ்ந்தபோது, “காயத்தை ஆற்ற அதை வைத்திருந்திருக்கலாமே” என்று இயற்பியலாளர் கடிந்துகொண்டதும் புள்ளியியலாளரின் நினைவுக்கு வந்தது. சற்று மேலே வேறு இரண்டு பதிவுகள் இருந்தன. டிராகன் நகத்தால் கீறியபோதெல்லாம் மந்திரம் கலையாமல் காக்கக் கிளெரிக் வீசியவை: 14, பிறகு 9. உடலுறுதிக்கான 2 சேர்ந்ததால் அந்த ஒன்பதும் பத்து என்னும் எல்லையை மயிரிழையில் கடந்திருந்தது. அதற்கு யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கதை வாய்வழி சுருங்கும்போது இரு கைகள் செய்தது ஒரு கையின் அதிர்ஷ்டமாகிவிடுகிறது. ஆய்வேட்டுக்கு நன்றியுரை எழுத உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் மறுநாள் ரயிலேறப் போகிறவரின் முன்னால் அவர் இல்லாத கதை சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. அவரும் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புள்ளியியலாளர் ஒன்றும் பேசவில்லை. குறிப்பேட்டை விரித்தபடியே பாலி ஆய்வாளரிடம் நீட்டினார். அவர் படித்தார். “அந்த ஒன்று விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்” என்றார்.

இயற்பியலாளர் எட்டிப் பார்த்தார். எழுதும்போது பிழைத்திருக்கும் என்று வாதாடினார். இரண்டாவது இருபதைத் தம் கண்ணால் கண்டதாகவே சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்கு நினைவிருந்தது. ஆட்டத்தை நடத்தியவர் வரலாற்றுத் துறைக்காரர். அவர் சற்று யோசித்துவிட்டு, “நீங்கள் பதினாறு என்றீர்கள். ஆசியைச் சேர்த்தீர்களா என்று நான்தான் கேட்டேன்” என்றார். ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள். அதற்குமேல் வாதிட இடமில்லை.

சிறிது நேரம் மேசை அமைதியாக இருந்தது. பிறகு இயற்பியலாளர் முதலாண்டு மாணவரிடம் கதையை மறுபடியும் தொடங்கினார்; இம்முறை குகைவாசலிலிருந்து, கடைசி மந்திரம் செலவானதிலிருந்து. இந்தக் கதை நீளம் கூடியது, ஆரவாரம் குறைந்தது. நடுவே இரண்டு இடங்களில் பாலி ஆய்வாளர் திருத்தம் சொன்னார். முதல் கீறல் தமக்கு விழுந்தது குகைக்குள் நுழைந்தபோது அன்று, கள்வனை மறைத்து நின்றபோது என்றார். அதை மற்ற நால்வருமே மறந்திருந்தார்கள்.

நான்கு முகப் பகடை எது என்று முதலாண்டு மாணவர் கேட்டார். பாலி ஆய்வாளர் டப்பாவில் துழாவி அதை எடுத்தார். கூம்பு வடிவம், மற்றவற்றைப் போல் உருளாது, போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும். மேல்முகம் என்று ஒன்று இல்லாததால், எந்த எண் நிமிர்ந்து நிற்கிறதோ அதைத்தான் படிக்க வேண்டும். புதியவர் இரண்டு முறை தவறாகப் படித்தார். மூன்றாம் முறை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினார்.