சிஸ்டர் எடுக்கும் முடிவு

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் வந்து போகிற மணிமங்கலம் வட்டாரம். இங்குள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவு டூட்டி மாறும் நேரத்தில் போனேன். டாக்டர் புறப்பட்டுவிட்டார், போன் செய்தால் வருவார். விடியும்வரை பொறுப்பு ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம்.

பிரசவ அறை காலியாக இருந்தது. டிரேயைக் காட்டினார்: கொடி வெட்டும் கத்தரி, கிளாம்ப், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பை, ஆக்சிடோசின். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசினைத் தாயின் தொடையில் போட்டால் கருப்பை சுருங்கும், ரத்தப்போக்கு கட்டுப்படும். "அந்த நேரத்துல யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுங்க, நான்தான் போடணும்" என்றார். குரலில் பெருமிதம் இருந்தது.

பக்கத்தில் பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் பார்டோகிராஃப் தாள். வலி தொடங்கிய பெண் இருந்தால் அரை மணிக்கொரு தரம் சிசுவின் இதயத் துடிப்பை அதில் குறிப்பார். பிரசவம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி இழுத்தால் 108-ஐ அழைப்பதும் அவர்தான். வார்டில் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். "தர்த் ஹை?" (வலிக்கிறதா?) என்று அவளிடம் கேட்கிறார். இந்த இந்தியை யாரும் சொல்லித்தரவில்லை. தேவை பார்த்து இவராகவே பழகிக்கொண்டது.

2000-களின் நடுவில் தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று செவிலியர்களை அமர்த்தியதால்தான் அங்கே 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க முடிந்தது. முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். அவர்கள் நிறைவேற்றிக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பொறுப்புக்கேற்ற மதிப்பைக் கொடுத்தோமா? 2015-ல் தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற உறுதி நிறைவேறாததால், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராட வேண்டியிருந்தது.

சம்பளம் மட்டுமல்ல, ஆள் பற்றாக்குறையும் ஒரு சுமை. அது நர்ஸின் மனத்தை மட்டும் வாட்டுவதில்லை, நோயாளியையும் பாதிக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் லிண்டா எய்கன் குழு நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுவதாக அது கண்டது.

இந்த நர்ஸின் மேசையில் கேஸ் ஷீட், மருந்து இருப்புப் பதிவேடு, பிரசவப் பதிவேடு, ஆன்லைன் பதிவு. வலியோடு ஒருத்தி வந்துவிட்டால் இத்தனையும் அப்படியே நிற்கும். பிறகு இவரே உட்கார்ந்து முடிக்க வேண்டும். எழுத்து வேலைக்குத் தனி ஆள், இரவில் இன்னொரு நர்ஸ், காலமுறைச் சம்பளம், டூட்டி பட்டியலும் மருந்து இண்டென்டும் போடும்போது இவர்கள் சொல்லுக்கு இடம். இவை கிடைத்தால் வேலையில் நிறைவு தானே வரும். மே 12 செவிலியர் தினத்தில் பூங்கொத்து கொடுத்தால் மட்டும் போதாது. உயிரைக் காக்கும் முடிவை இவர்களை நம்பி விட்டிருக்கிறோம். இவர்களது வேலை எப்படி நடக்க வேண்டும் என்ற முடிவிலும் இவர்களை நம்ப வேண்டும்.